கம்பளிக்குள் பார்த்த நெருப்பு

றஹீம் நானாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் பாதி கேட்கும். இருபத்தெட்டு வருடம் கிரைண்டர் பக்கத்தில் நின்றதால் வந்த வினை என்று அவரே சொல்வார். லுணுகலை பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் பாதை சரிகிற இடத்தில், தகரக் கூரை போட்ட சின்னக் கடையில் அவர் எஞ்சின் திருத்தினார். முச்சக்கர வண்டி, புல்வெட்டி, தேயிலைச் செடி நறுக்குகிற கவ்வாத்து மெஷின் என்று எது வந்தாலும் பார்ப்பார்.

மற்ற மெக்கானிக்குகள் எஞ்சினை முடுக்கச் சொல்லித் தலையைச் சாய்த்துக் கேட்பார்கள். இவர் நிறுத்தச் சொல்வார். பிறகு பிளக்கைக் கழற்றிக் கடை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடிப்பார். பிளக் என்பது எஞ்சினுக்குள் நெருப்புப் பொறி போடுகிற விரல் நீளச் சாமான். மேலே வெள்ளைப் பீங்கான், கீழே இரும்பு, இரும்பின் அடியில் பொறி பறக்கிற முனை. அந்த முனை எந்த நிறத்தில் வெந்திருக்கிறது என்பதைத்தான் அவர் பார்ப்பார். பிஸ்கட் நிறம் என்றால் சுகம். விளக்குக் கரி போலக் காய்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் கூடிக் காற்றுக் குறைந்திருக்கிறது. பிசுபிசுத்த கறுப்பு என்றால் எஞ்சின் தேய்ந்துவிட்டது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் சூடு மீறிவிட்டது.

ஒருமுறை முச்சக்கர வண்டிக்காரர் ஒருவர், தன் வண்டி கொஞ்ச நாளாக அதிகமாகப் பெட்ரோல் குடிக்கிறது என்று வந்தார். நானா பிளக்கைப் பார்த்துவிட்டு, "வண்டிய யாருக்குக் குடுத்தீங்க?" என்றார்.

"யாருக்கும் குடுக்கல்லயே."

"சோக்குக் கம்பிய இழுத்தபடியே ஓட்டியிருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல."

வண்டிக்காரர் வண்டியைத் திரும்பிப் பார்த்து, "மச்சான் வந்திருந்தான்," என்றார்.

"அவர் ஊருக்குப் போன பொறகு வாங்க. வைத்தியம் தேவைப்படாது."

நான் அந்தக் கடைக்குப் போன காரணம் வேறு. என் அண்ணன் நல்லையா முப்பத்தொரு வருடம் தோட்டத்து டிரக்டர் ஓட்டினார். எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவு, லுணுகலையிலிருந்து ஆறு மைல் மேலே இருக்கிறது. பாதையில் மதகு உடைந்த பிறகு லொறியும் ஏறுவதில்லை, முச்சக்கர வண்டியும் ஏறுவதில்லை. துரைமார் காலத்துச் சாம்பல் நிற டிரக்டர் ஒன்று மட்டும் ஏறும். கம்பெனி அதைக் கொட்டிலில் போட்டு மறந்த பிறகு கோயில் கமிட்டி எடுத்துக்கொண்டது. பெட்ரோலில் முடுக்கி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற பழைய எஞ்சின் அது. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதன் பின்பெட்டியில்தான் மேலேயும் கீழேயும் போனார்கள்.

பிறகு அண்ணனும் அதில் போகவேண்டி வந்தது. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். காலை ஐந்தரை மணிக்கு டிரக்டரில் இறங்கினால் லுணுகலையில் பஸ்ஸைப் பிடிக்கலாம். தங்கை மகன் ரமேஸ் ஓட்டினான். பின்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டி, அண்ணனைக் கம்பளியால் சுற்றி உட்காரவைத்து, அண்ணி ரெங்கம்மா பக்கத்தில் தரையில் உட்காருவார். நான் கீழ்ப்பிரிவுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் வழியில் ஏறி, பஸ்வரை கூடப்போவேன்.

ஏழு மாதம் அப்படி ஓடியது. அந்த வருடம் ஆயுத பூசை முடிந்த முதல் வெள்ளிக்கிழமை, டிரக்டர் ஏற்றத்தில் நின்றுவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து வருகிற பாதை நேரே இறங்காது, முதலில் ஒரு முகட்டில் ஏறித்தான் இறங்கும். அங்கே தத்தித் தத்தி அடங்கிப்போனது. நாலு பேர் கம்பளியில் தூளி கட்டி அண்ணனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தாமதமாகப் போயும் ஆஸ்பத்திரியில் இடம் கொடுத்தார்கள். அடுத்த செவ்வாய் தத்தித் தத்தி எப்படியோ ஏறியது, வெள்ளிக்கிழமை மறுபடி நின்றது. அன்று மழை, தூக்க ஆள் கிடைக்கவில்லை, முறை தவறிப்போனது. சனிக்கிழமை முழுக்க அண்ணன் படுக்க முடியாமல் குந்தியபடியே மூச்சு வாங்கினார். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. இன்னொரு முறை தவறினால் தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் றஹீம் நானாவைத் தேடிப் போனேன். கடையைப் பூட்டிவிட்டு, ஒரு சாக்குப் பையோடு ஆறு மைலும் என்னுடன் நடந்தே வந்தார்.

கொட்டிலில் ரமேஸ் டிரக்டரை முடுக்கினான். அது இருமியது. அண்ணன் பக்கத்து லயத்தில் தன் காம்பிரா அறையில் படுத்திருந்தார். உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்: "நாலு பேர்ல ரெண்டு பேர் லீவு."

நாலு பிளக் உள்ள எஞ்சின் அது. நானாவுக்கு அண்ணன் சொன்னது கேட்கவில்லை. அவர் எஞ்சினை நிறுத்தி, நாலு பிளக்கையும் கழற்றி, வரிசை மாறாமல் ஒரு சாக்கில் வைத்தார். முதலாவதும் நாலாவதும் பிஸ்கட் நிறம். நடுவில் இரண்டும் ஈரமாய்க் கறுத்திருந்தன. அவர் நிமிர்ந்து, "ரெண்டு வேலை செய்யல," என்றார்.

காதால் மட்டும் பார்க்கிறவர் ஒருவர், கண்ணால் மட்டும் கேட்கிறவர் ஒருவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே பதிலைச் சொன்னார்கள். 

நானா அந்த ஈரத்தை விரலில் தொட்டுத் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார். "எஞ்சின் எண்ணெய் இல்ல, மண்ணெண்ணெய். எஞ்சின் தேயல்ல. எண்ணெய் உள்ள வருது, எரியாமப் போகுது." பிறகு ரமேசைப் பார்த்தார். "எப்ப மண்ணெண்ணெய்க்கு மாத்துற?"

"நல்லாச் சூடு ஏறின பொறகுதான் நானா."

"தொட்டுப் பாப்பியா?"

"தொட்டா கை வெந்துரும்."

"அப்ப சரி. உன்மேல பிழை இல்ல."

"மாமா காலைலருந்து என்னையத்தான் திட்டுறாரு," என்றான் ரமேஸ்.

"அது அவருக்கு மருந்து. திட்டட்டும்."

நாலையும் பெட்ரோல் துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்து, முனைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்த்து மாட்டினார். டிரக்டர் ஒரே முடுக்கில் எழும்பியது. காம்பிராவிலிருந்து அண்ணன், "எல்லாரும் வந்துட்டாங்க," என்றார். பீங்கானில் சூட்டிலும் புழுதியிலும் காய்ந்திருந்த அழுக்கு, துணியில் கொஞ்சம் செம்மண் நிறமாக ஒட்டியிருந்தது. துரு என்று நானா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திங்கள் அரிசி ஏற்றினார்கள், நன்றாக ஓடியது. செவ்வாய் அதே ஏற்றத்தில் நின்றது. அன்று எப்படியோ தள்ளி முகடு தாண்டி, இறக்கத்தில் உருட்டி, பஸ்ஸைப் பிடித்தார்கள். நானா மறுபடி வந்தார். மறுபடியும் நடுவில் இரண்டும் ஈரம்; பீங்கானில் ஒட்டியிருந்த செம்மண் அழுக்கையும் துரு என்றே துடைத்தார். நடுப் பிளக்குகளை ஓரத்துக்கும் ஓரத்தில் இருந்தவற்றை நடுவுக்கும் மாற்றிப் போட்டார். கொயில் மாற்றினார், வயர் மாற்றினார், காற்றுச் சல்லடையைக் கழுவினார். புதனும் வியாழனும் டிரக்டர் உரம் ஏற்றிக்கொண்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணூறு பட்டுவிட்டது என்றார்கள். தேயிலைத் தொழிற்சாலை மெஷின்களைக் காக்கிற ரோதமுனி சாமிக்கு இந்த வருடம் கோழி கொடுக்கவில்லை என்றார்கள். அண்ணன் மட்டும் சிரித்தார். "முப்பது வருசம் நான் அதை ஏறி மிதிச்சேன். இப்ப அது என்னைய ஏத்த மாட்டேங்குது."

அண்ணி சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனார்.

வியாழன் பின்னேரம் நானா என் வீட்டுக்கு வந்தார். கொடுத்த பால் இல்லாத பிளேன்டீயைப் பக்கத்தில் வைத்தார். பிறகு கேட்டார்: "சேர், செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வாற வருத்தம் எஞ்சினுக்கு இல்ல. மனுசருக்குத்தான் கிழமை தெரியும். இரும்புக்குத் தெரியாது. அப்ப அந்த ரெண்டு நாள்ல அந்த வண்டிக்கு வேற என்ன நடக்குது?"

"அண்ணன் ஏறுறாரு, அவ்வளவுதானே," என்றேன்.

"நாளைக்கு ஏத்தத்துல நின்டு பாப்போம்," என்றார்.

வெள்ளி விடிகிற நேரம் நாங்கள் இரண்டு பேரும் முகட்டு வளைவில் நின்றோம். பனி மூட்டத்துக்கு மேலே வானம் வெளுத்திருந்தது. அவர் சட்டைப் பையில் இரண்டு பிளக்குகளை வைத்திருந்தார். ஈரம் படாமல் உடம்புச் சூட்டில் வைத்திருப்பதாகச் சொன்னார். டிரக்டர் வருகிற சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. அது தத்துகிறது என்பதும் எனக்கே தெரிந்தது. அவருடைய தோளைத் தொட்டுத் தலையாட்டினேன்.

ரமேஸ் எங்களைப் பார்த்ததும் பிரேக் போட்டு, எஞ்சினை நிறுத்தப் போனான். "நிப்பாட்டாத, ஓடட்டும்," என்று நானா கை காட்டினார். எஞ்சினின் பக்கத்தில் குனிந்து பார்த்தார். வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின்பெட்டிக்குப் போனார்.

"அக்கா, அந்தக் கம்பளிய ஒருக்காத் தாங்க."

அண்ணி தயங்கினார். அண்ணன் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார். "குடு," என்றார் அண்ணன். அண்ணி கம்பளியை உருவிக் கொடுத்துவிட்டு, தன் சால்வையைக் கழற்றி அவர்மேல் போர்த்தினார்.

நானா கம்பளியை எஞ்சின்மேல் போட்டார். விசிறிப் பக்கம் அது இழுபடாமல் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தலையை உள்ளே விட்டார். சின்னப் பிள்ளை போர்வைக்குள் விளையாடுவது போல இருந்தது. கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு தலையை வெளியே எடுத்து, கம்பளியின் ஓரத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "சேர், நீங்க பாருங்க," என்றார்.

நான் தலையை விட்டேன். மண்ணெண்ணெய் மணம், கம்பளியின் ஈர மணம், முகத்தில் சூடு. முதலில் இருட்டு. பிறகு தெரிந்தது. நடுவில் இருந்த இரண்டு பிளக்கின் வெள்ளைப் பீங்கான்மேல் நீல நிறத்தில் நெருப்பு ஓடிக்கொண்டிருந்தது. மயிரிழை மாதிரி மெலிசாக, உச்சியிலிருந்து இரும்புவரை, நின்று நின்று, எஞ்சின் துடிக்கிற தாளத்தில் ஓடியது. எஞ்சினுக்குள் இறங்கவேண்டிய நெருப்பு, உள்ளே போகாமல் வெளிச்சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. அது ஓடிய வழியில் ஒரு கோடு இருந்தது. அந்த நீல வெளிச்சத்தில் அதன் நிறம் கறுப்பாகத் தெரிந்தது. விஞ்ஞானமும் சேர்த்து எட்டுப் பாடம் படிப்பிக்கிற எனக்கு மின்சாரம் என்றால் என்ன என்று தெரியும் என நினைத்திருந்தேன். அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அப்படி ஒரு அழகான பிழையை நான் அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

கம்பளியை எடுத்ததும் வெளிச்சத்தில் கோட்டின் நிறம் தெரிந்தது. சிவப்பு. நாலு பிளக்கிலும் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. ஓரத்தில் இரண்டில் பொட்டு வைத்த இடத்திலேயே நின்றது. நடுவில் இரண்டில், எஞ்சின் மூடியின் இடுக்கால் சொட்டிய பனி ஈரத்தில் கரைந்து, வழிந்து, இரும்பைத் தொட்டிருந்தது. நெருப்பு அந்த ஈரக் கோட்டைப் பிடித்துக்கொண்டது.

நான் வாயைத் திறந்தேன். நானா என் கையைப் பிடித்தார், அழுத்தமாக. பின்பெட்டியிலிருந்து அண்ணி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நானா எஞ்சினை நிறுத்தச் சொன்னார். இடுப்பில் செருகியிருந்த கைலேஞ்சித் துணியை எடுத்து நாலு பீங்கானையும் துடைத்தார். நடுவில் இரண்டையும் கழற்றி, சட்டைப் பையில் இருந்தவற்றை மாட்டினார். எல்லாம் பத்து நிமிடம். ரமேஸ் முடுக்கினான். டிரக்டர் முகட்டில் ஏறியது. லுணுகலையில் பஸ் புறப்பட்டு உருளத் தொடங்கியிருந்தது. ரமேஸ் டிரக்டரை அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். பஸ்காரர் ஏசினார். அண்ணன் ஏறினார்.

பஸ் போன பிறகு நானா சொன்னார்: "யார் வச்சதுன்டு கேக்காதீங்க சேர்."

"கேக்கத் தேவையில்ல நானா."

"அதுதான் சொல்றேன். கேக்காதீங்க."

அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணனிடம் நான் வேறு விதமாகக் கேட்டேன். ஆயுத பூசைக்கு அவர் வருடந்தோறும் பிளக்குகளைக் கழற்றி வாழை இலையில் வைத்துப் பொட்டு வைப்பார். பிளக்தான் வண்டிக்கு உயிர் என்பார். சூடம் காட்டி முடிந்ததும் பெண்கள் சுண்டல் கொடுக்கப் போய்விடுவார்கள். "பொட்டோடயா மாட்டுவ?" என்று கேட்டேன்.

"பைத்தியமா உனக்கு? தொடச்சிட்டுத்தான் மாட்டுவேன். பொட்டு பூசைக்கு. பீங்கான் கரண்டுக்கு."

முப்பத்தொரு வருடம் அண்ணி பார்த்தது பொட்டு வைப்பதை மட்டும்தான். துடைப்பதை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த வருடம் அண்ணன் எழும்ப முடியாததால் அண்ணிதான் அந்தப் பூசையைச் செய்தார். அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும், ரமேஸ் வருவதற்கு முன்னால், இருட்டில் கொட்டிலுக்குப் போய், தன் புருசனைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி நாலு உயிருக்கும் பொட்டு வைத்திருக்கிறார். அந்தப் பொட்டுத்தான் புருசனை வழியில் நிறுத்தியது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நான் இரண்டு நாள் யோசித்தேன். 

ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே நானா மேலே வந்தார். கையில் துவைத்து மடித்த ஒரு வெள்ளைத் துணி. ரமேசும் நானும் கொட்டிலில் நின்றோம். அண்ணி தண்ணீர் வாளியோடு வந்தார்.

"அக்கா, எனக்கு ஒரு கை ஒதவி வேணும்."

"சொல்லுங்க நானா."

"இந்த மலைப் பனி பொல்லாதது. பிளக்குட இந்த வெள்ளைல ஒரு சொட்டு ஈரம் நின்டாலும் நெருப்பு வழி தவறிப் போயிரும். வண்டி எடுக்க முன்ன காஞ்ச துணியால தொடச்சு விட ஒரு ஆள் வேணும்."

"நான் இருக்கேனே," என்றான் ரமேஸ்.

"நீ மூஞ்சியவே ஒழுங்காத் தொடைக்கிறதில்ல."

அண்ணி சிரித்தார். அந்த ஒரு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பொறுமையான கை வேணும் அக்கா. செவ்வாயும் வெள்ளியும், எல்லா வேலையும் முடிச்சு, சாமி கும்பிட்டு, ஆகக் கடைசியாத் தொடைக்கணும். வெள்ளை வெள்ளையாவே இருக்கணும். அதுக்குப் பொறகு யாரும் கை வைக்கப்படாது. நீங்க செய்வீங்களா?"

அண்ணி துணியை வாங்கினார். அதன் மடிப்பை விரித்துப் பார்த்தார்.

"ஆகக் கடைசியாத்தானே?"

"ஆகக் கடைசியா."

"சரிங்க நானா."

அவ்வளவுதான் நடந்தது. ஒரு பொய்யும் சொல்லவில்லை. சாமியை ஒதுக்கச் சொல்லவில்லை. பிழை என்ற சொல்லே வரவில்லை. நானா வணங்குகிறதும் அண்ணி வணங்குகிறதும் வேறு வேறு. ஆனாலும் அண்ணியின் வேண்டுதலை அது இருந்த இடத்திலேயே இருக்கவிட்டு, அதற்குப் பின்னால் ஒரு துடைப்பை மட்டும் சேர்த்துவிட்டார். அண்ணன் முப்பத்தொரு வருடம் செய்தது அதைத்தான். அது நானாவுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு அண்ணன் பதினாலு மாதம் இருந்தார். ஒரு செவ்வாயும் ஒரு வெள்ளியும் அந்த டிரக்டர் வழியில் நிற்கவில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம், தன் காம்பிராவில், சோறு கேட்டுவிட்டு, சோறு வருவதற்குள் போய்விட்டார். மூச்சு முட்டவில்லை. நானா வந்து முற்றத்தில் கடைசிவரை நின்றார்.

போன மாதம் றஹீம் நானாவும் மௌத்தாகிவிட்டார். கடையிலேயே, வேலைப் பலகைமேல் தலையைச் சாய்த்தபடி இருந்ததாக அவருடைய மனைவி றின்ஸா சொன்னார். நல்லடக்கம் அன்று பின்னேரமே. மேற்பிரிவில் இருந்து இருபது பேர் டிரக்டரில் இறங்கினோம். நான் கொட்டிலுக்குப் போனபோது அண்ணி குனிந்து பிளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதே வெள்ளைத் துணி, ஓரம் நைந்திருந்தது.

"அண்ணன் போனதுக்குப் பொறகும் இதச் செய்றீங்களா?"

"மத்தவங்க போறாங்கல்ல."

நாலாவதையும் துடைத்து முடித்துத் துணியை மடித்தார். பிறகு, "எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி," என்றார்.

"என்னைக்கு?"

"கம்பளி கேட்டாரே, அன்னைக்கு. அவரு கைலேஞ்சில செவப்பு இருந்துச்சு. என் கையால வச்சது எனக்குத் தெரியாதா?"

"ஏன் அவருகிட்ட கேக்கல?"

"கேட்டா அவரு பொய் சொல்லணும். இல்லாட்டி என்னைய அழ வைக்கணும். ரெண்டுக்கும் அந்த மனுசனை ஆளாக்கக் கூடாதுன்னு நெனச்சேன். ஆறு மைல் துணிய மடிச்சு எடுத்துட்டு வந்தாரே."

றின்ஸாவிடம் கொடுக்க அவர் ஒரு பை தேயிலைத் தூள் கட்டி வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு பின்பெட்டியில் ஏறி, நாற்காலி இருந்த இடத்துக்குப் பக்கத்தில், எப்போதும் உட்காருகிற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். ஏற்றத்தில் ரமேஸ் மண்ணெண்ணெய்க்கு மாற்றினான். நான் அண்ணனைப் போலக் காதைக் கொடுத்துக் கேட்டேன். நாலு பேரும் வேலை செய்தார்கள்.